பழைய ஃபிலிம் கேமரால டிஸ்ப்ளே மங்குதா? கழிச்சுக் கட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

ஃபிலிம் கேமரா இப்ப மறுபடியும் நிறைய பேர் கைக்கு வந்துட்டு இருக்கு, வீட்டு பீரோல கிடந்தது, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, சொந்தக்காரங்க யாரோ கொடுத்ததுன்னு. அதுல 1980க்கு அப்புறம் வந்த நிறைய கேமரால எங்கயாவது ஒரு சின்ன எல்சிடி இருக்கும், ஒண்ணு மேல் தட்டுல, இல்லன்னா வியூஃபைண்டருக்குள்ள (கண்ணை வச்சு பார்க்குற ஜன்னல்). பேட்டரி போட்டு ஆன் பண்ணா நம்பர் எல்லாம் பென்சில்ல எழுதி அழிச்ச மாதிரி லேசா தெரியும், உடனே "டிஸ்ப்ளே போச்சு, கேமராவும் போச்சு"ன்னு முடிவு பண்ணிடுறாங்க. தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. மங்கலா தெரியுற கேமரால நிறைய தடவை டிஸ்ப்ளே மேல ஒரு தப்பும் இருக்காது, பேட்டரி, துரு, வெளிச்சம், ஒரு ரப்பர் துண்டுன்னு வேற ஏதாவதுதான் காரணமா இருக்கும். டிஸ்ப்ளே உண்மையிலயே போயிருந்தா கூட கேமரா படம் எடுக்குறத நிறுத்தாது.

அதனால இதுல ஒரே ஒரு விதிதான், வெளியில இருந்து உள்ள போங்க. காசு செலவில்லாததை முதல்ல பாருங்க, ஸ்க்ரூ ட்ரைவரை கடைசியா எடுங்க.

முதல்ல உங்க கேமரால இருக்குறது எல்சிடிதானா?

இது முக்கியம், ஏன்னா பழைய கேமரால மூணு விதமா காட்டுவாங்க. ஒண்ணு முள், நிக்கான் எஃப்இ மாதிரி கேமரால வியூஃபைண்டர்ல ஒரு முள் ஆடும். ரெண்டாவது எல்இடி, அதாவது தானா வெளிச்சம் விடுற சிவப்பு, பச்சை புள்ளி இல்லன்னா நம்பர். 1978ல வந்த கேனான் ஏ-1 உள்ள சிவப்பு எல்இடி நம்பர்தான், மினோல்டா எக்ஸ்-700, பென்டாக்ஸ் எம்ஈ சூப்பர் எல்லாம் எல்இடிதான். மூணாவதுதான் எல்சிடி, இது தானா எரியாது, வெளிச்சம் பட்டாதான் கறுப்பா நம்பர் தெரியும். 1980ல வந்த நிக்கான் எஃப்3, 1983ல வந்த பென்டாக்ஸ் சூப்பர் ஏ, நிக்கான் எஃப்ஏ, ஒலிம்பஸ் ஓஎம்-4, 1985ல வந்த மினோல்டா 7000, 1986ல வந்த கேனான் டி90 எல்லாம் இந்த கூட்டம். அதுக்கப்புறம் வந்த ஆட்டோஃபோகஸ் கேமரா, கையடக்க பாயின்ட் அண்ட் ஷூட் எல்லாம் அநேகமா எல்சிடிதான்.

எல்இடி மங்குனா அது வேற கதை, பேட்டரி, கான்டாக்ட், சர்க்யூட்னு போகும். இங்க நான் சொல்லப் போறது எல்சிடிக்கு மட்டும்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க

ரெண்டு மெல்லிசான கண்ணாடி, நடுவுல தலைமுடி தடிமன்ல பத்துல ஒரு பங்கு அளவுதான் இடைவெளி, அதுல திரவப் படிகம் நிரப்பி ஓரத்தை எல்லாம் பசை வச்சு சீல் பண்ணிருப்பாங்க. கண்ணாடியோட உள்பக்கம் கண்ணுக்கே தெரியாத மின்சாரப் பாதை நம்பர் வடிவத்துல பூசியிருக்கும். மேலயும் கீழயும் ஒரு போலரைசர் ஃபிலிம், அதாவது ஒரே திசைல அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடுற தாள், ஒட்டியிருக்கும். மின்சாரம் போகாத இடத்துல வெளிச்சத்தோட அதிர்வு திசை திரும்பி ரெண்டு போலரைசரையும் தாண்டி வந்துடும், மின்சாரம் போன இடத்துல திரும்பாது, அதனால அந்த இடம் மட்டும் கறுப்பா தெரியும். அவ்வளவுதான்.

இதுல இருந்து நமக்கு வேண்டிய நாலு விஷயம் கிடைக்குது. வோல்டேஜ் குறைஞ்சா கறுப்பும் குறையும். கண்ணாடிக்கு மின்சாரம் கொண்டு போற இணைப்பு விட்டுப் போனா சில கோடு மட்டும் காணாம போகும். போலரைசர் கெட்டா மொத்தமும் மங்கும் இல்லன்னா மஞ்சளா போகும். சீல் உடைஞ்சா ஓரத்துல இருந்து கறை பரவும். உங்க கேமராவோட வியாதி அநேகமா இந்த நாலுல ஒண்ணாதான் இருக்கும்.

ஒரு பேப்பர்ல எழுதுங்க

எதையும் தொடுறதுக்கு முன்னாடி டிஸ்ப்ளேயை நல்லா பார்த்து என்ன தெரியுதுன்னு எழுதி வைங்க, ஃபோன்ல ஒரு படமும் எடுத்துக்கங்க. மொத்தமா ஒரே அளவு மங்கலா இருக்கா, இல்ல சில கோடு மட்டும் இல்லையா, இல்ல கறுப்பு கறை மாதிரி ஓரத்துல இருந்து உள்ள வருதா? நேரா பார்த்தா மங்கல், சாய்ச்சு பார்த்தா தெளிவுன்னு இருக்கா? ஆன் பண்ண உடனே நல்லா இருந்து கொஞ்ச நேரத்துல மங்குதா? இந்த கேள்விக்கெல்லாம் பதில் இருந்தா வேலை பாதி முடிஞ்சுது, அப்புறம் ரிப்பேர் கடைக்கே கொண்டு போனாலும் "சார் டிஸ்ப்ளே சரியில்ல"ன்னு சொல்றதுக்கும் "சார் மூணாவது நம்பர்ல நடுக்கோடு மட்டும் வரல"ன்னு சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, மெக்கானிக் உங்கள மதிச்சு பேசுவாரு.

பேட்டரி, பேட்டரி, பேட்டரி

நான் இதுல கொஞ்சம் நேரம் நிக்கப் போறேன், ஏன்னா டிஸ்ப்ளே மங்கலுக்கு வர்ற கேள்வில பெரிய பங்கு இங்கயே முடிஞ்சிடும்.

எஃப்3, எஃப்ஏ, சூப்பர் ஏ, ஓஎம்-4 எல்லாம் ரெண்டு பட்டன் செல்லுல ஓடுற கேமரா. இந்த சைஸ்ல ரெண்டு வகை இருக்கு, எல்ஆர்44ன்னா அல்கலைன், எஸ்ஆர்44ன்னா சில்வர் ஆக்ஸைடு. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி, சைஸும் ஒண்ணுதான், ஆனா குணம் வேற. அல்கலைன் 1.5 வோல்ட்ல ஆரம்பிச்சு யூஸ் பண்ண பண்ண சீரா இறங்கிட்டே போகும், அதனால டிஸ்ப்ளேயும் கூடவே மங்கிட்டே போக வாய்ப்பு இருக்கு. சில்வர் ஆக்ஸைடு 1.55 வோல்ட்ல அப்படியே நிக்கும், கடைசில டக்குன்னு விழும். விலை கொஞ்சம் கூடதான், ஆனா டிஸ்ப்ளேயை சோதிக்கணும்னா சில்வர் ஆக்ஸைடு போட்டுதான் சோதிக்கணும், அல்கலைன் போட்டு சோதிச்சா எது தப்புன்னே தெரியாது. கடைல எஸ்ஆர்44ன்னு கேட்டு முழிச்சாங்கன்னா வாட்ச் கடைல போய் 357 இல்லன்னா 303 கேளுங்க, அதே சைஸ் சில்வர் ஆக்ஸைடுதான். அதுல 357 அதிக மின்சாரம் கேக்குற கருவிக்கு செஞ்சது, கிடைச்சா அதையே வாங்குங்க. எஃப்3 மாதிரி சில கேமராக்கு ரெண்டு செல்லுக்கு பதிலா சிஆர்1/3என்னு ஒரே ஒரு 3 வோல்ட் லித்தியம் செல்லும் போடலாம்.

பெரிய பேட்டரி கேமராவா இருந்தா, அதாவது சிஆர்123ஏ (3 வோல்ட்), 2சிஆர்5 (6 வோல்ட்) மாதிரி லித்தியம், அதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. லித்தியம் பேட்டரி தீர்ற நிலைமைல கூட சும்மா மல்டிமீட்டர் வச்சு பார்த்தா வோல்டேஜ் நல்லாதான் காட்டும், கேமரா மோட்டார் இழுக்குறப்பதான் படுத்துடும். புது சிஆர்123ஏ 3.2 வோல்ட் கிட்ட காட்டும், 3க்கு கீழ போயிருந்தா அதை நம்பாதீங்க. மீட்டர்ல என்ன காட்டுனாலும் சந்தேகம்னா சீல் பிரிக்காத புது பேட்டரி, எக்ஸ்பயரி தேதி பார்த்து வாங்கி போட்டு பாருங்க.

கேனான் டி90, மினோல்டா 7000 எல்லாம் பென்சில் செல் கேமரா, டி90க்கு நாலு ஏஏ, 7000க்கு நாலு ஏஏஏ. இதுல ரீசார்ஜபிள் போட்டா ஒண்ணு 1.2 வோல்ட்தான், நாலும் சேர்த்தா 6க்கு பதிலா 4.8. கேமரா ஓடலாம், ஆனா பேட்டரி குறைவுன்னு காட்டலாம், அதை வச்சு டிஸ்ப்ளேயை எடை போடக் கூடாது. சோதனைக்கு புது அல்கலைன் போடுங்க, பழசையும் புதுசையும் கலக்காதீங்க.

இன்னொண்ணு, புது செல் போட்டும் ரெண்டு மூணு வாரத்துல மறுபடி மங்குதுன்னா டிஸ்ப்ளே இல்ல, சர்க்யூட் எங்கயோ மின்சாரத்தை குடிக்குது. ஆரம்ப கால ஓஎம்-4 இதுக்கு பேர் போனது, பேட்டரியை வேகமா காலி பண்ணும். அந்த மாதிரி கேமராவை யூஸ் பண்ணாதப்ப செல்லை கழட்டி வச்சிடுறதுதான் வழி.

செல் புதுசு, ஆனா கான்டாக்ட்?

பேட்டரி மூடியைத் திறந்து டார்ச் அடிச்சு பாருங்க. வெள்ளையா பொடி, இல்லன்னா பச்சை நீலமா துரு தெரிஞ்சா எப்பவோ அல்கலைன் செல் கசிஞ்சிருக்கு. கசிஞ்சது காரம், அதனால லேசான அமிலம் வச்சுதான் முறிக்கணும். இயர் பட்ஸ்ல வெள்ளை வினிகர் இல்லன்னா எலுமிச்சை சாறு துளி தொட்டு, சொட்ட சொட்ட வேண்டாம், சும்மா ஈரம் இருந்தா போதும், கான்டாக்ட்ல மெதுவா தேய்ங்க. கேமராவை பேட்டரி ஓட்டை கீழ பார்த்த மாதிரி பிடிச்சு செஞ்சா உள்ள ஒழுகாது. அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு நல்லா காய விடுங்க. கறுத்துப் போன உலோகம் மட்டும்னா பென்சில் அழிக்குற ரப்பரே போதும், ரப்பர் துகள் உள்ள விழாம ஊதி எடுங்க. உப்புத்தாள் வேண்டாம், மேல இருக்குற முலாம் போயிட்டா அடுத்த துரு இன்னும் சீக்கிரம் வரும். டபிள்யூடி-40 அடிக்கவே அடிக்காதீங்க, அது ஊறிப் போய் ஷட்டர், லென்ஸ்னு எங்க எங்கயோ போய் சேரும்.

இதுல எல்லாரும் மறக்குற இடம் மூடி. அடில காசு வச்சு திருகுற மூடி இருக்குற கேமரால நிறையத்துல அந்த மூடியே மின்சாரப் பாதை, அதோட மரை, கேமரா பாடியில இருக்குற மரை ரெண்டுலயும் மின்சாரம் போகணும். அங்க அழுக்கு இருந்தா செல் எவ்வளவு புதுசா இருந்தாலும் டிஸ்ப்ளே மங்கும், விட்டு விட்டு எரியும். மரையை பட்ஸ் வச்சு சுத்தம் பண்ணி ரெண்டு மூணு தடவை திருகி திருகி எடுங்க. மூடியை லேசா அமுக்குறப்ப டிஸ்ப்ளே தெளிவாச்சுன்னா உங்க பிரச்சனை இதுதான், சந்தோஷமா இருங்க.

கோளாறு மாதிரி தெரியுற, ஆனா கோளாறே இல்லாத சமாச்சாரம்

புதுசா வர்றவங்க இங்கதான் பயந்துடுறாங்க. எஃப்3 கையில இருந்தா கவனிங்க. ஷட்டர் பட்டனை பாதி அமுக்குனா டிஸ்ப்ளே வரும், விரலை எடுத்த பிறகு சுமார் 16 செகண்ட் இருந்து அணைஞ்சிடும், அது பேட்டரி மிச்சம் பண்றதுக்கு. விரலை எடுத்த உடனே அணைஞ்சாதான் செல் பலவீனம்னு அர்த்தம், அதாவது இதுவே ஒரு பேட்டரி டெஸ்ட். ஃபிலிம் கவுன்டர் 1க்கு வர்ற வரைக்கும் ஆட்டோல எங்க திருப்புனாலும் 80ன்னே காட்டும், ஏன்னா அது வரைக்கும் ஷட்டர் 1/80ல பூட்டியிருக்கும், சும்மா ரெண்டு மூணு தடவை ஓட்டி விட்டு பாருங்க, சரியாகிடும். வெளிச்சம் ரொம்ப அதிகம்னா +2000ன்னும், ரொம்ப கம்மின்னா -8-ன்னும் காட்டும், அது உடைஞ்ச நம்பர் இல்ல. டி90ல EEEன்னு மூணு எழுத்து மின்னுனா அது டிஸ்ப்ளே கோளாறு இல்ல, ஷட்டர் பக்கம் காந்தம் ஒட்டிக்கிட்ட பிரச்சனை, அது வேற வைத்தியம்.

பின் கதவுல தேதி காட்டுற சின்ன டிஸ்ப்ளே மட்டும் மங்குதுன்னா, நிறைய மாடல்ல அதுக்கு தனியா சிஆர்2025 மாதிரி ஒரு காயின் செல் இருக்கும், கதவைத் திறந்தா உள்பக்கம் சின்ன மூடி தெரியும். அதை மாத்துங்க, கேமரா மெயின் பேட்டரிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வருஷம் இன்னிக்கு தேதிக்கு வரலன்னு கவலைப்படாதீங்க, நிறைய தேதிக் கதவு 2019ஓட நின்னுடும், படத்துல தேதி விழாம ஆஃப் பண்ணிக்கங்க.

வெளிச்சம், வெப்பம், உங்க கண்ணாடி

வியூஃபைண்டர் உள்ள இருக்குற எல்சிடிக்கு எங்கயாவது இருந்து வெளிச்சம் வந்து சேரணும். சில கேமரால ப்ரிஸம் (கேமரா தலைல கூம்பா இருக்குற கண்ணாடிப் பகுதி) முன்னாடி பால் நிறத்துல ஒரு சின்ன ஜன்னல் வச்சிருப்பாங்க, அது வழியா வர்ற வெளிச்சம்தான் டிஸ்ப்ளேயை காட்டும். அந்த ஜன்னல் அழுக்கா இருக்கா, யாராவது டேப் ஒட்டியிருக்காங்களா, கேமரா உறை அதை மறைக்குதான்னு பாருங்க. ராத்திரி ரூம் லைட்ல வச்சுட்டு மங்கல்னு சொல்லாதீங்க, பகல்ல வாசல்ல நின்னு பாருங்க. விளக்கு பட்டன் இருந்தா அமுக்குங்க, எஃப்3ல சின்ன சிவப்பு பட்டன் இருக்கு, விரல்ல அமுக்குறதே கஷ்டம், எரிஞ்சாலும் லேசாதான் எரியும், அதை வச்சு எல்சிடியை குறை சொல்ல வேண்டாம்.

எஃப்3க்கு இன்னொரு நல்ல வழி இருக்கு, அதோட ப்ரிஸம் கழட்டலாம், ரெண்டு பக்கமும் இருக்குற சின்ன நெம்புகோலை இழுத்தா மேல வந்துடும். டிஸ்ப்ளே பாடியில இருக்கு, அதனால ப்ரிஸம் இல்லாமலும் பார்க்கலாம். ப்ரிஸம் எடுத்துட்டு பார்த்தா நம்பர் பளிச்சுன்னு இருந்தா மங்கல் எல்சிடில இல்ல, ப்ரிஸம், ஐபீஸ் (கண்ணை வைக்குற) கண்ணாடில ஃபங்கஸோ புகை மாதிரி படலமோ இருக்கு. இதைப் பார்க்காம எல்சிடி மாத்துறதுக்கு காசு கொடுத்தா மனசு கேக்காது.

எல்சிடி குளிருக்கும் சூட்டுக்கும் மாறும். குளிர்ல, பூஜ்யம் டிகிரி கிட்ட போறப்ப, நம்பர் மெதுவா மாறும், வெளிறிப் போகும். வெயில்ல நிறுத்துன கார்ல விட்டுட்டீங்கன்னா 60 டிகிரி கிட்ட மொத்தமா கறுத்துடும். ரெண்டும் சாதாரண சூட்டுக்கு வந்தா திரும்பிடும், பொறுமையா விடுங்க. கறுத்ததைப் பார்த்து ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, உள்ள ஈரம் கட்டிக்கும். மங்கலைப் பார்த்து ஹேர் ட்ரையர் காட்டாதீங்க, போலரைசர் பசை இளகிடும்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுட்டு எல்சிடி பார்த்தா ஒரு கோணத்துல மொத்தமா இருட்டாகிடும், கழட்டிட்டு பாருங்க. நம்பர் மங்கலா இல்லாம கலங்கலா இருந்தா அது உங்க கண் பவருக்கும் ஐபீஸுக்கும் உள்ள விவகாரம்.

அதே கூலிங் கிளாஸ் வச்சு ஒரு டெஸ்ட்

மேல் தட்டு டிஸ்ப்ளே மொத்தமா மங்கல், புது செல் போட்டாச்சு, கான்டாக்ட் சுத்தம், இன்னும் மங்கல்னா இதை செய்யுங்க. போலரைஸ்டு கூலிங் கிளாஸோட ஒரு கண்ணாடியை, இல்லன்னா ஒரு போலரைசர் ஃபிலிம் துண்டை டிஸ்ப்ளே மேல வச்சு மெதுவா சுத்துங்க. ஒரு கோணத்துல நம்பர் திடீர்னு கறுப்பா எழும்பி வந்தா, கண்ணாடி, திரவம், சர்க்யூட் எல்லாம் உயிரோட இருக்கு, மேல ஒட்டியிருக்குற போலரைசர் மட்டும்தான் கெட்டுப் போச்சு. லென்ஸுக்கு போடுற சர்க்குலர் போலரைசர் ஃபில்டர்தான் இருக்குன்னா அதை திருப்பி, முன்பக்க கண்ணாடி டிஸ்ப்ளேயை பார்க்குற மாதிரி வச்சு சுத்துங்க, இல்லன்னா சரியா தெரியாது.

இந்த முடிவு வந்தா நல்ல செய்தி, போலரைசர் ஃபிலிம் ஷீட்டா கிடைக்குது, கைப்பழக்கம் இருக்குற ஆள் பழசை உரிச்சுட்டு அதே கோணத்துல புதுசு வெட்டி ஒட்டலாம். ஆனா அதுக்கு மேல் தட்டு கழட்டணும், கண்ணாடி மேல பிளேடு வைக்கணும், முதல் கேமரால கத்துக்குற வேலை இல்ல. அதுக்கு முன்னாடி டிஸ்ப்ளே மேல இருக்குற பிளாஸ்டிக் ஜன்னலையும் ஒரு பார்வை பாருங்க, சில சமயம் கீறலும் மஞ்சளும் அதுலதான் இருக்கும், பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு துணில தேய்ச்சாலே பாதி தெளிவாகிடும்.

சில கோடு மட்டும் இல்லன்னா

ஒவ்வொரு நம்பரும் ஏழு கோடு சேர்ந்ததுதான், 8ன்னு வந்தா ஏழும் எரியும். ஐஎஸ்ஓ, ஷட்டர் ஸ்பீடு எல்லாம் ஒவ்வொண்ணா மாத்தி எந்த இடத்துல எந்த கோடு எப்பவும் வரலன்னு எழுதுங்க. நிறைய கேமரால ஒரு இணைப்பு ஒரே கோடுக்கு மட்டும் இருக்காது, ரெண்டு மூணு கோடுக்கு சேர்த்து இருக்கும், அதனால ஒரு இணைப்பு விட்டா சம்பந்தமே இல்லாத மாதிரி ரெண்டு மூணு இடத்துல சேர்ந்து காணாம போகும்.

அடுத்து கட்டை விரல் சதையால, நகம் படாம, டிஸ்ப்ளே ஜன்னலோட ஓரத்துல ரொம்ப லேசா அமுக்கிப் பாருங்க. காணாம போன கோடு திரும்பி வந்தா ஜீப்ரா ஸ்ட்ரிப் பிரச்சனை. கண்ணாடிக்கும் சர்க்யூட் போர்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிய ரப்பர் துண்டு இருக்கும், அதுல மின்சாரம் கடத்துற அடுக்கு ஒண்ணு, கடத்தாத அடுக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வரும், கறுப்பு வெள்ளை வரி தெரியுறதால அந்த பேர். சோல்டர் கிடையாது, அழுத்தத்துலதான் நிக்குது. நாப்பது வருஷத்துல ரப்பர் தளரும், அழுக்கு சேரும், ஸ்க்ரூ கொஞ்சம் இளகும், கோடு ஒண்ணொண்ணா மங்க ஆரம்பிக்கும். சில கேமரால ரப்பருக்கு பதிலா சூட்டுல ஒட்டுன மெல்லிய ஃபிளெக்ஸ், அதாவது வளையுற சர்க்யூட் பட்டை, இருக்கும், அது உரிஞ்சா வேலை இன்னும் கஷ்டம்.

ஜீப்ரான்னு உறுதியானா அதுக்கான வைத்தியம் எளிமை, போய் சேர்ற வழிதான் கஷ்டம். மேல் தட்டு எடுத்து, டிஸ்ப்ளே பிடிச்சிருக்குற ஸ்க்ரூ கழட்டி, ரப்பரை ட்வீசர்ல நீளமா இழுக்காம தூக்கி, எந்த பக்கம் மேலன்னு படம் எடுத்து வச்சு, போர்டுல இருக்குற தங்க முலாம் பட்டையையும் கண்ணாடி ஓரத்தையும் ரப்பரோட ரெண்டு விளிம்பையும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல்ல நூல் விடாத துணியால துடைச்சு, காய விட்டு, அதே மாதிரி வச்சு, ஸ்க்ரூவை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சீரா இறுக்கணும். ஒரு பக்கம் மட்டும் முறுக்குனா கண்ணாடி உடையும். விரல் எண்ணெய் படவே கூடாது.

திறக்கலாமா வேண்டாமா

ஃபிளாஷ் உள்ளயே இருக்குற கேமரா, அதாவது பாயின்ட் அண்ட் ஷூட், பாப் அப் ஃபிளாஷ் உள்ள எஸ்எல்ஆர் (லென்ஸ் மாத்துற பெரிய கேமரா) எதுவா இருந்தாலும் நீங்க திறக்காதீங்க. ஃபிளாஷ் கபாசிட்டர்ல 300 வோல்ட் கிட்ட சார்ஜ் நிக்கும், பேட்டரி கழட்டி நாள் ஆனாலும் நிக்கலாம், கை பட்டா அடி பலமா விழும், உயிருக்கே ஆபத்தாகலாம். இதை நான் பயமுறுத்த சொல்லல, அடி வாங்குனவங்க யாரைக் கேட்டாலும் இதேதான் சொல்லுவாங்க.

ஃபிளாஷ் இல்லாத கேமரான்னாலும் ஜப்பான் ஸ்க்ரூக்கு ஜிஸ் வகை ட்ரைவர் வேணும், சாதாரண ஸ்டார் ட்ரைவர் பார்க்க ஒண்ணா இருந்தாலும் நழுவி தலையை மழுங்கடிச்சிடும். எஃப்3, ஓஎம்-4 மாதிரி கேமரால டிஸ்ப்ளேக்கு போற வழில ஃபிளெக்ஸ் போர்டும் ஒயரும் நிறைய இருக்கு, அதை தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட விடுங்க. இன்னொரு யோசனை யாராவது சொல்லுவாங்க, பேட்டரில ஒயர் எடுத்து நேரா எல்சிடில தொட்டு பார்க்க சொல்லி. வேண்டாம், எல்சிடிக்கு கேமரா மாறி மாறி திசை மாத்திதான் மின்சாரம் கொடுக்கும், நேரா ஒரே திசைல கொடுத்தா உள்ள இருக்குற திரவமும் பூச்சும் கெட்டுப் போகும்.

கறை பரவுதுன்னா

ஓரத்துல இருந்து கறுப்பா மையை கொட்டுன கணக்குல வர்றதைத்தான் எல்சிடி பிளீட்னு சொல்லுவாங்க. சீல் விட்டு திரவம் இடம் மாறிடுச்சு, இதை சுத்தம் பண்ணவோ திரும்ப நிரப்பவோ வீட்ல முடியாது. மினோல்டா 7000, நிக்கான் எஃப்4 வியூஃபைண்டர் இதுலெல்லாம் அடிக்கடி பார்க்கலாம். புது பேனல் கம்பெனில கிடைக்காது, ஓடாத இன்னொரு கேமரால இருந்து எடுத்து மாத்துறதுதான் ஒரே வழி. எஃப்3யும் எஃப்3ஹெச்பியும் பாடி ஒண்ணுதான், ப்ரிஸம்தான் வேற, அதனால எது கிடைச்சாலும் பாகம் எடுக்கலாம்.

ஆனா மாத்தியே ஆகணுமான்னு யோசிங்க. கறை நம்பரை மறைக்காம ஒரு மூலைல இருந்தா வருஷக்கணக்கா அப்படியே இருக்கலாம். பரவுதான்னு பார்க்க கறை ஓரத்துல பென்சில்ல ஒரு கோடு போட முடியாது, அதனால மாசம் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டு பாருங்க, பரவலன்னா விட்டுடுங்க. டிஸ்ப்ளே சுத்தமா போனாலும் எஃப்3 ஓடும், ஷட்டர் ஸ்பீடு டயல்ல எண் இருக்கு, ஃபோன்ல ஒரு லைட் மீட்டர் ஆப் வச்சு டயலை திருப்பிக்கலாம், ஆட்டோல விட்டாலும் அதுவே கணக்கு போட்டுக்கும். செல்லே இல்லன்னா கூட முன்னாடி இருக்குற சின்ன நெம்புகோல்ல சுமார் 1/60ல எடுக்கலாம். ஆனா சூப்பர் ஏ, மினோல்டா 7000 மாதிரி பட்டன் அமுக்கி ஸ்பீடு மாத்துற கேமரால டயலே கிடையாது, டிஸ்ப்ளே போனா மேனுவல்ல கண்ணைக் கட்டுன நிலைமைதான், அதுல ப்ரோக்ராம்லயோ ஆட்டோலயோ விட்டு எடுங்க. வாங்குறப்பவே இந்த வித்தியாசத்தை மனசுல வைங்க, டயல் இருக்குற கேமரால மங்கலான எல்சிடிக்கு விலை குறைச்சு கேட்டு தைரியமா வாங்கலாம், பட்டன் கேமரால அந்த தைரியம் வேண்டாம்.

வாங்கப் போறப்ப சரியான புது செல்லை நீங்களே பையில எடுத்துட்டு போங்க, கடைக்காரர் போட்டு வச்ச செல்லை நம்பி பார்க்காதீங்க. ஆன் பண்ணி, நிழல்ல ஒரு தடவை வெயில்ல ஒரு தடவை பாருங்க, ஸ்பீடு எல்லாத்தையும் ஓட்டி ஏழு கோடும் வருதான்னு பாருங்க, பேட்டரி மூடியைத் திறந்து துரு பாருங்க, வியூஃபைண்டர் மூலையை தவறாம பாருங்க.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாசத்துக்கு மேல எடுக்க மாட்டீங்கன்னா செல்லை கழட்டிடுங்க. வெயில் படுற ஷெல்ஃப், ஸ்கூட்டர் டிக்கி, கார் டேஷ்போர்டு எதுலயும் கேமரா வேண்டாம், சூடும் வெயிலும்தான் போலரைசரையும் சீலையும் தின்னுது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், உள்ள ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போட்டு 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சுக்கங்க, ஜெல் நிறம் மாறுனா சூடு பண்ணி காய வச்சு திரும்ப போடுங்க.